சுவரோரக் குழவியும் என் பார் உரிமமும்

மலையில் இப்போது வீட்டுக்கு வீடு ‘ஹோம் ஸ்டே’ போர்டு மாட்டுகிறார்கள். நாலு மிளகுக் கொடியும் ஒரு வெஸ்டர்ன் கக்கூசும் இருந்தால் விடுதி என்று ஆகிவிட்டது. போர்டு மாட்டிய பிறகு யாராவது வந்து உரிமம் இருக்கிறதா என்று கேட்டு மிரட்டிவிட்டால், நேராக என்னிடம் வருகிறார்கள். இந்த மலையில் உரிமம் வாங்கி, புதுப்பித்து, இழந்து, மூன்றையும் பார்த்த ஆள் நான் என்று பேர்.

“ஏனுங்க மாமா, என்னென்ன பேப்பர் வேணுமுங்க?” என்பார்கள்.

“பேப்பரெல்லாம் கம்ப்யூட்டரே கேக்கும் கண்ணு. வாரவன் ஒண்ணுக்கு எங்க போவான்னு மொதல்ல பாரு” என்பேன்.

சிரிப்பார்கள். வயசான ஆள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, செல்போனை எடுத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் சொன்னது என் தொழில் வாழ்க்கையின் முழுச் சாரம். அதை அவர்களுக்கு வாயால் விளக்கினால் பாதியில் எழுந்து போகிறார்கள் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. மலைக்குப் போகிற பஸ் கடைசியாக மூச்சு வாங்கிக்கொள்ளும் ஊர். காட்டில் கடலையும் குச்சிக்கிழங்கும் போட்டோம். கிணறு வற்றிய வருஷம் நான் நாமக்கல்லில் ஒரு பாரில் சப்ளையர் வேலைக்குப் போனேன். ஆறு வருஷம். எத்தனையாவது கிளாசில் ஒருவன் அழுவான், எத்தனையாவதில் அடிப்பான், எந்த மேஜையில் உட்கார்ந்தால் பில் கேட்குமுன் பின்பக்கமாக எழுந்து போவான் என்பதெல்லாம் அங்கே கற்றது. அதற்கு மேல் அந்த ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூற்றேழில் மலைக்கு வந்தோம். அப்போதெல்லாம் மதுக்கடைகள் தனியார் கையில். உரிமம் எடுத்தவன் கடை நடத்தலாம், அதை ஒட்டி பார் வைக்கலாம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அரியூர் நாட்டுக்குப் போகும் ரோட்டில், ஒரு வளைவு திரும்பியதும் ஓட்டுக் கட்டிடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். முன்னால் கடை, நடுவில் ஆறு மேஜை போட்ட பார், பின்னால் எங்கள் வீடு. நானும், என் மனைவி சரசுவும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும் ஒரே கூரைக்கு அடியில். குடியை மலைக்குக் கொண்டுவந்த பாவி என்று என்னைச் சொல்லாதீர்கள். அது எனக்கு முன்னாலேயே ஓடைக்கரையில் பானை பானையாகக் காய்ச்சப்பட்டுக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்தது லேபிளை மட்டும்.

உண்மையில் கூட்டம் வந்தது சரசுவின் சமையலுக்கு. அவித்த குச்சிக்கிழங்கு, மேலே பச்சை மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கிய துவையல். உள்ளூர் மிளகைத் தட்டிப் போட்ட கோழி வறுவல். குடிக்காதவன்கூட வந்து ஒரு சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு தட்டு காலி செய்துவிட்டுப் போவான்.

இனி அந்த ஆபீசர். கலால் அலுவலர் நாகராஜன். எனக்கு மேலதிகாரி என்று தொழிலில் ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான். என் உரிமம் அவர் பேனாவின் முனையில் இருந்தது. ஒல்லியான ஆள், கறுப்பு லேஸ் ஷூ, தோல் உறையில் போட்ட இரும்பு டேப். உரிமம் கேட்பவன் அனுப்புகிற காரில் ஏற மாட்டார், முதல் பஸ்ஸில் வருவார். மலை ரோட்டின் எழுபது வளைவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இறங்கியதும் ரோட்டோரம் போய் வாந்தி எடுப்பார், தான் கொண்டுவந்த தண்ணீரில் வாய் கொப்பளிப்பார், முகம் துடைப்பார், பிறகு டேப்பை உறையிலிருந்து எடுப்பார். டீ கொடுத்தால் வாங்க மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே பதில்: “எழுத்துல குடுங்க.” முதல் தடவை வந்தபோது, “ஒடம்புக்கு முடியலீங்களா சார்?” என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷத்தில் “எழுத்துல...” வரைக்கும் சொல்லி நிறுத்தினார்.

கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் மதுக்கடை நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எங்கள் வளைவுக்குக் கீழ் வளைவில் மாரியம்மன் கோயில். மேலே என் கடையிலிருந்து எட்டிப் பார்த்தால் கோயில் ஓடு தெரியும். எச்சில் துப்பினால் விழும் தூரம். ஊர்க்காரர்கள் அதைத்தான் காட்டினார்கள். நாகராஜன் எட்டிப் பார்த்தார்.

“கடையில குடிச்சவன் கோயிலுக்குப் பறந்து போவானா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்ப நடந்து போற வழியத்தான் அளக்கணும்.”

அளந்தார். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டு, சாக்பீசில் கோடு போட்டுக் கோடு போட்டு, ரோட்டு வளைவோடு இறங்கினோம். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் அவர் கறார் தெரியும். என் கடை வாசலின் அகலத்தை அளந்து அதன் நட்டநடுவில் ஒரு புள்ளி. கோயில் வாசலின் அகலத்தை அளந்து அதன் நட்டநடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில்தான் தூரம். “வாசல்தான் கணக்கு. சுவரு கணக்கில்ல, கோபுரம் கணக்கில்ல” என்றார். கீழிருந்து மேலே மறுபடி ஒரு தடவை அளந்தார். நூறைத் தாண்டி நன்றாகவே வந்தது. நான் சந்தோஷத்தில் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிறகு கட்டிடத்தைச் சுற்றிவந்தார். பார் வாசலை ஒட்டி, எங்கள் சமையலறைச் சுவரில் வீட்டுக்குள் போக ஒரு கதவு இருந்தது. அதைக் காட்டி, “குடிக்கிற எடத்துலேர்ந்து குடியிருக்கிற எடத்துக்கு வழி இருக்கக் கூடாது. அடைச்சிருங்க” என்றார். அடைத்தேன். தட்டுகளை நீட்ட ஒரு சின்ன ஜன்னல் மட்டும் விட்டேன். அதற்குப் பிறகு நான் சாப்பிட வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் ரோட்டில் இறங்கிக் கட்டிடத்தைச் சுற்றி வர வேண்டும். “பொண்டாட்டியப் பாக்கறதுக்கு ஒரு பர்லாங்கு நடக்கற ஒரே ஆம்பள நீங்கதானுங்க” என்று சரசு சிரித்தாள். கழிப்பிடம் வேண்டும் என்றார். பத்தடி கீழே சரிவில் தகரக் கொட்டகை போட்டேன். அதையும் எட்டிப் பார்த்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதினார். உரிமம் வந்தது.

கதவை அடைத்த வினை பிறகுதான் தெரிந்தது. கதவும் அங்கே வீட்டு ஆள் நடமாட்டமும் போனதும் பார் வாசலுக்குப் பக்கத்தில் நீளமாக, வெறுமையாக ஒரு சுவர் கிடைத்துவிட்டது. எங்கள் சமையலறைச் சுவர். கொட்டகைக்குச் சரிவில் இறங்க வேண்டும், மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி காலில் ஏறும். இரண்டு கிளாஸ் உள்ளே போனவனுக்கு அந்தச் சுவர் தகரக் கொட்டகையைவிட எவ்வளவோ சௌகரியம். ஒருவன் நின்றான், மறுநாள் நான்கு பேர் நின்றார்கள். ஒரு வருஷத்தில் சரசு சமையலறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு மிளகு தட்டும் நிலை வந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. சுண்ணாம்பு போட்டேன். முள் வெட்டிப் போட்டேன். முள்ளின் மேலேயே பெய்தார்கள். ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதினேன். குடித்தவனுக்கு எழுத்து எங்கே தெரியும், குடிக்காதபோதும் பாதிப் பேருக்குத் தெரியாது. பின்னால் நின்று கத்தினால், “கடைக்காரரே, உங்க சரக்குதானுங்க, திருப்பிக் குடுக்கறமுங்க” என்றான் ஒருவன். அவன் பேர் சின்னான். மிளகும் வாழையும் போட்ட மலை விவசாயி, என் கடையின் மிகச் சிறந்த வாடிக்கைக்காரன். அவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரியம்தான்.

சரசு ஒரு காதுகுத்துக்காகக் காளப்பநாயக்கன்பட்டி போய் மூன்று நாள் தங்கிய சமயம் எனக்கு அந்த யோசனை வந்தது. பின்பக்கம் கொல்லையில் எங்கள் ஆட்டுக்கல் கிடந்தது. அதன் குழவியை உருவி எடுத்து வந்தேன். கைப்பிடிப் பக்கத்தை மண்ணில் புதைத்து, உருண்டைப் பக்கம் மேலே தெரியும்படி சுவரோரம் நட்டேன். மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன், சந்தையில் வாங்கிய சின்ன இரும்பு வேல் ஒன்றைப் பக்கத்தில் குத்தினேன். எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னான்தான் முதலில் வெளியே வந்தான். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சுவருக்குப் போனவன் நின்றான். குனிந்து பார்த்தான். செருப்பைக் கழற்றினான். கும்பிட்டான். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டைப்பூச்சி நிறைந்த சரிவில் தகரக் கொட்டகைக்கு இறங்கினான். என் மொத்தத் தொழில் வாழ்க்கையிலும் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த ஏற்பாடு வேறில்லை.

சரசு திரும்பி வந்து ஆட்டுக்கல்லில் குழவியைக் காணாமல் தேடினாள். நான் சுவரைக் காட்டினேன். என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. குழவியைப் பிடுங்கி வரக் கோபமாகப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

“ஆரோ பூ வெச்சிருக்கறாங்க” என்றாள்.

“வெச்சா என்ன? கழுவிட்டு ஆட்டு.”

“பூ வெச்ச கல்லுல உளுந்த எப்படீங்க ஆட்டறது? வாயில வெச்சா வெளங்குமா?”

நாமக்கல் போய் ஒரு கிரைண்டர் வாங்கி வந்ததுதான் அதற்குத் தீர்வு.

இங்கே மலையில் கல்லுக்குச் சாமி ஆக ரொம்ப நாள் தேவையில்லை. களத்துமேட்டில் செருப்போடு ஏறமாட்டார்கள், சில வழிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். முதல் மாதம் அரளிப்பூ. இரண்டாம் மாதம் ஒரு மணி தொங்கியது. யாரோ நாலு கழி நட்டுத் தகரம் போட்டார்கள். பேரும் வந்துவிட்டது: செவுத்தடி அம்மன். அது ஆண் சாமியா பெண் சாமியா என்று நட்ட எனக்கே தெரியாது. ஊர் முடிவு செய்துவிட்டது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. சுவர் காய்ந்தது, சமையலறையில் மிளகு வாசம் திரும்பியது.

அப்புறம்தான் சின்னானின் மனைவி வெள்ளையம்மா வந்தாள். பெண்கள் பார் பக்கம் வர மாட்டார்கள். சாமி இருந்ததால் வந்தாள். பட்டப்பகலில், புருஷன் உள்ளே இரண்டாவது கிளாசில் இருக்கும்போது, கல்லுக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தாள். அவன் குடியை விட்டால் கோழி அறுக்கிறேன் என்று வேண்டுதல். வெளியே வந்த சின்னான் சாமிக்கு முன்னால் பெண்டாட்டி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. பயமா, வெட்கமா, சாமியா, நான் கேட்கவில்லை. கோழி அறுத்தார்கள். அதையும் சரசுதான் வறுத்துக் கொடுத்தாள்.

பக்கத்து ஊர்ப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்: ஒருத்தி வந்து மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போவாள், அடுத்த வாரம் எனக்கு ஒரு மேஜையில் ஒரு ஆள் குறைவான். எல்லாருக்கும் பலிக்கவில்லை, அதுவும் உண்மை. பலித்த வரைக்கும் எனக்கு நஷ்டம். நானே நட்டு, நானே மஞ்சள் பூசி, என் சுவரிலேயே இடம் கொடுத்த சாமி என் பிழைப்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு வருஷம் உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் வெள்ளையம்மா கடை வாசலுக்கு நேராக வந்து நின்றாள். இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டோம் அப்போது.

“கடைக்காரரே, உங்ககிட்டச் சொல்லாமச் செய்யக் கூடாதுன்னு வந்தனுங்க. கோயில் பக்கத்துல சாராயக் கடை இருக்குதுன்னு மனு குடுத்திருக்கறமுங்க. நாப்பது பொம்பளைக கைநாட்டு வெச்சிருக்கறம்.”

“எந்தக் கோயிலும்மா?”

அவள் சுவரைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“உங்க மேல கோவமில்லீங்க. சரசக்கா மேல உசுரு. கடை மேலதானுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே போனது. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் கிணறு இல்லாத காடு, இங்கே வாடகைக் கட்டிடம், பெரியவள் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இந்தக் காகிதம் போனால் நாங்கள் நால்வரும் ரோட்டில். ஒரே நிம்மதி, என்னிடம் உண்மை இருந்தது: அது சாமி இல்லை, குழவி. நட்டவன் நானே சாட்சி.

மூன்று நாள் கழித்து நாகராஜன் முதல் பஸ்ஸில் வந்தார். வாந்தி எடுத்தார், முகம் துடைத்தார். தலை நரைத்திருந்தது, டேப் அதே டேப். பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். மறுபக்கம் நானும், குடிப்பதற்கு உரிமை வேண்டி வந்த ஏழெட்டு ஆண்களும். சரசு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால். சாமிக்குப் பத்தடி தள்ளி ஒரு ஸ்டூல் போடச் சொல்லி, ஃபைலைத் தொடையில் வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

“பூசாரி யாரு?”

“இல்லீங்க. நாங்களே பூ வெச்சுக்கறமுங்க” என்றாள் வெள்ளையம்மா.

“விசேஷம் ஏதாவது?”

“ஆடியில பொங்க வெச்சமுங்க.”

“எப்பலேர்ந்து இருக்குது?”

“எங்க அப்பங் காலத்துலேர்ந்தே இருக்குதுங்க” என்றார் பெண்களோடு வந்திருந்த ஒரு பெரியவர். இரண்டு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் நின்று அவர் பெய்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் முறை வந்தது. “சார், அது எம்பட ஊட்டு ஆட்டுக்கல்லுக் கொழவிங்க. நானேதான் நட்டேன்.”

“எதுக்கு?”

“ஒண்ணுக்குப் போறவங்களத் தடுக்கறதுக்குங்க.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ‘சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் பொருட்டு’ என்று மெதுவாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. “சாட்சி?” என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன்.

“ஏம்மா, இது உங்க குழவியா?”

“கொழவி எம்படதுதானுங்க” என்றாள் சரசு.

“அப்ப இது சாமி இல்லையா?”

“கொழவி எம்படதுன்னு சொன்னனுங்க.”

“அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையேம்மா.”

“எனக்குத் தெரிஞ்ச பதிலு அதுதானுங்க.”

நாகராஜன் பேனாவை மூடினார். அவருடைய முறை எனக்குத் தெரியும்: சொல்லில் தீராததை அளந்து தீர்ப்பார்.

“ஆட்டுக்கல்லு இன்னும் இருக்குதா?”

“கொல்லையில கெடக்குதுங்க.”

“சரி. இந்தக் கல்லப் பிடுங்கி எடுங்க. கொண்டு போய் ஆட்டுக்கல்லுக் குழியில வெச்சுப் பாப்போம். பொருந்துனா வீட்டுச் சாமான்னு எழுதிக்கிறேன். உங்க உரிமத்துக்கு ஆட்சேபணை இல்ல.”

இவ்வளவுதான். கையை வைத்து ஒரு இழுப்பு. மூன்று நாள் மனசுக்குள் நான் வேண்டிக்கொண்டதே இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்தைத்தான். பெண்கள் யாரும் கத்தவில்லை, மறிக்கவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ரோஷம் வந்திருக்கும், வேலை முடிந்திருக்கும். நான் போனேன், உட்கார்ந்தேன், இரண்டு கையாலும் குழவியைப் பிடித்தேன். எண்ணெய் ஊறி வழுவழுவென்று இருந்தது. ஒரு அசைப்பு அசைத்தேன், இளகிக் கொடுத்தது. நாகராஜன் குழவியின் கைப்பிடியைப் பார்க்க வேண்டுமென்று எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார்.

“கடைக்காரரே” என்றாள் வெள்ளையம்மா. குரலை உயர்த்தவில்லை. “உங்க செருப்பு எங்கீங்க?”

காலைப் பார்த்தேன். வெறுங்கால். திரும்பிப் பார்த்தேன். தகரப் பந்தலுக்கு வெளியே, கழி நட்டிருக்கும் இடத்தில், என் செருப்பு கிடந்தது. நான் எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில், லேஸ் அவிழ்த்து, உள்ளே சாக்ஸைச் சுருட்டி வைத்து, ஜோடியாக ஒரு கறுப்பு ஷூ.

எல்லாரும் நாகராஜனின் காலைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். ஷூ லேஸை அவிழ்ப்பது நினைவில்லாமல் செய்கிற வேலை இல்லை, குனிய வேண்டும், இரண்டு காலுக்கும் முடிச்சு அவிழ்க்க வேண்டும். அந்த மனிதர் செய்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்தின மழைக்காலத்தில் என் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஏறிப்போன சமயம், மண் சரிந்து இரண்டு நாள் பஸ் நின்றுவிட்டது. காற்று வாங்கப் போகிறேன் என்று சரசுவிடம் சொல்லிவிட்டு அந்தச் சுவரோரம் போய் நின்றிருக்கிறேன். அங்கே என்ன கேட்டேன் என்பது எனக்கும் குழவிக்கும் மட்டும் தெரியும். அன்றும் செருப்பைக் கழற்றியிருக்கத்தான் வேண்டும்.

“எடுக்கறீங்களா?” என்று நாகராஜன் கேட்டார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. நான் சரி என்று ஒரு இழுப்பு இழுத்திருந்தால், வெறுங்காலோடு நின்றுகொண்டே ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதியிருப்பார். அவர் முறை அப்படி.

எனக்கு அழுகை வந்தது. பக்தியில் இல்லை, ஆத்திரத்தில். அந்த ஒரு காகிதத்துக்காக எத்தனை வருஷம். ஜன்னலில் சரசுவின் முகத்தைப் பார்த்தேன். நான் அசைத்ததில் குழவியின் அடியில் மண் விலகியிருந்தது. அதைத் தள்ளி மூடி, கையால் தட்டி இறுக்கினேன். எழுந்தேன்.

“சாமிதானுங்க சார்” என்றேன்.

“எழுத்துல குடுங்க” என்றார்.

கொடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பேனாவிலேயே: ‘என் சமையலறைச் சுவரோரம் என்னால் நடப்பட்ட கல் சாமிதான் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த ஆள் விடவில்லை. அளக்காமல் ஃபைலை மூட அவருக்கு மனசு வராது. டேப்பை எடுத்தார்.

“கோயிலுக்கு வாசல் எங்கேன்னு காலையிலேர்ந்து தேடிட்டிருந்தேன்” என்றார். “செருப்பு கழட்டற எடந்தான் வாசல்.”

என் செருப்புக்கும் அவர் ஷூவுக்கும் நட்டநடுவில் சாக்பீசால் ஒரு புள்ளி வைத்தார். என் பார் வாசலின் நட்டநடுவில் ஒரு புள்ளி. ஒரு முனையை நான் பிடித்தேன். ஆறு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். திரும்ப ஒரு தடவை அளந்தார், அதேதான் வந்தது. எழுதிக்கொண்டு, லேஸைக் கட்டிக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போனார். உரிமம் புதுப்பிக்கப்படவில்லை.

கடை மூடிய மறு வாரம் சரசு அந்த அடைத்த கதவை இடிக்கச் சொன்னாள். பார் மேஜைகளைக் கழுவி, சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தோம். அதற்கு வேண்டிய உரிமம் சரசுவின் பெயரில். கிழங்கு, கோழி வறுவல், மத்தியானம் சாப்பாடு. முதல் நாள் சாப்பிட வந்தவர்கள் சின்னானும் வெள்ளையம்மாவும். சின்னான் அவன் பழைய மேஜையிலேயே போய் உட்கார்ந்தான். இரண்டு வருஷம் கழித்து அரசாங்கம் மதுக்கடைகள் முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது, மலைக்குக் கீழே உரிமக்காரர்கள் பலர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் அப்போது குழம்புக் கரண்டியோடு இருந்தேன். சாமி காப்பாற்றியது என்று சரசு சொல்வாள். சாமிதான் கவிழ்த்தது என்று நான் சொல்வேன். இதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

இப்போது கடையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். செவுத்தடி அம்மனுக்குச் சிமெண்ட் மேடையும் இரும்புக் கேட்டும் வந்துவிட்டன. கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன போர்டு: ‘காலணிகளை இங்கே கழற்றவும்.’

குழவி இல்லாத ஆட்டுக்கல் கொல்லையில் அப்படியேதான் கிடக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கும், கோழி வந்து குடிக்கும். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று போன மாதம் சரசுவிடம் சொன்னேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்குக் குறுக்கு வழி ஆட்டுக்கல்லைத் தாண்டித்தான். அவள் சுற்றிக்கொண்டு போவதை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை வருஷமாக அப்படிப் போகிறாள் என்று தெரியவில்லை.

“ஏன் சுத்திப் போறே?” என்றேன்.

“சாமி பொறந்த ஊடு இல்லீங்களா” என்றாள்.

அவளைக் கேலி செய்ய ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஈரத் துணி வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டே கொடிக்குப் போனேன்.